இரட்டைச் செயலகக் கணிப்பொறியை விரட்டலாமா?

தையல் இயந்திரம் வாங்குபவர், அதை எவ்வளவு வேகமாக மிதிக்கலாம் என்று கடைக்காரரைக் கேட்பதில்லை. வீட்டுக்குக் கொண்டு வந்து மிதித்துப் பார்க்கிறார். அளவு மீறினால் நூல் அறும். அல்லது ஊசி ஒடியும். உடனே வேகத்தைக் குறைத்துக்கொள்வார். கணிப்பொறியையும் இவ்வாறு மிதித்துப் பார்க்கும் ஆர்வலர்கள் பலர் உளர். ஆனால் இங்கு ஒரு வேறுபாடு உண்டு. கணிப்பொறியில் நூல் அறுந்தது தெரியாமலே தையல் முடிந்துவிடக்கூடும். துணி பார்வைக்கு நன்றாகவே இருக்கும்.

தயாரித்தவர் குறித்துக் கொடுத்த வேகத்துக்கு மேல் கணிப்பொறியை ஓட்டுவதற்கு 'ஓவர்கிளாக்கிங்' என்று பெயர். இக்கட்டுரையில் அதை 'மிகைத்துடிப்பு' என்று வழங்குவோம். ஒரே பிராசசர், அதாவது ஒரே செயலகம், உள்ள பொறியிலேயே இது யோசித்துச் செய்ய வேண்டிய காரியம். இரண்டு செயலகங்கள் பூட்டிய பொறியில் இலாபமும் நட்டமும் வேறு கணக்கு. அக்கணக்கை இங்குச் சற்றுப் பொறுமையாகப் போட்டுப் பார்ப்போம். (செயலகம் என்றதும் நம் கடற்கரைச் சாலையிலுள்ள தலைமைச் செயலகத்தை நினைத்துக்கொள்ள வேண்டாம். அங்குக் கோப்புகள் நகரும் வேகம் இக்கட்டுரைக்கு அப்பாற்பட்டது!)

துடிப்பு என்பது யாது?

செயலகத்தின் உள்ளே இருப்பவை கோடிக்கணக்கான நுண்ணிய மின் விசைகள். ஒவ்வொன்றும் திறந்திருக்கும் அல்லது மூடியிருக்கும். அதுவே 1 அல்லது 0. இவை யாவும் ஒரே தாளத்தில் இயங்க வேண்டும். அத்தாளத்தைப் பிறப்பிப்பது மதர்போர்டில் உள்ள ஒரு குவார்ட்ஸ் படிகம். நொடிக்குப் பத்து இலட்சம் துடிப்பு என்பது 1 மெகா ஹெர்ட்ஸ். படிகத்தின் துணையால் மதர்போர்டில் உண்டாகும் அடிப்படைத் துடிப்பைச் செயலகம் ஒரு குறிப்பிட்ட எண்ணால் பெருக்கிக்கொள்கிறது. 66 மெகா ஹெர்ட்ஸ் என்று வழங்கும் துடிப்பை (சரியாகச் சொன்னால் ஏறத்தாழ 66.6) 5.5-ஆல் பெருக்கினால் ஏறத்தாழ 366 கிடைக்கும்.

ஒரு துடிப்புக்கும் அடுத்த துடிப்புக்கும் இடையில் மின்குறிப்பு ஒரு விசை வரிசையைக் கடந்து நிலைகொள்ள வேண்டும். துடிப்பை விரைவுபடுத்தினால் அந்த இடைவேளை சுருங்கும். குறிப்பு வந்து சேருமுன் அடுத்த துடிப்பு வந்துவிட்டால், 1 என்று படிக்க வேண்டியதை 0 என்று பொறி படித்துவிடும். இதைத் தவிர்க்க மின்னழுத்தத்தைச் சிறிது கூட்டுவர். விசைகள் விரைந்து திறக்கும், விரைந்து மூடும். அதற்கு விலை வெப்பம். விசைகளின் இயக்கத்தால் செலவாகும் திறன், துடிப்பு வேகத்துக்கு நேர் விகிதத்திலும், மின்னழுத்தத்தின் இருமடிக்கு நேர் விகிதத்திலும் இருக்கும். வேகத்தை 20 விழுக்காடும் அழுத்தத்தை 10 விழுக்காடும் உயர்த்தினால் 1.2 × 1.1 × 1.1 = 1.452. ஐந்தில் ஒரு பங்கு கூடுதல் வேகத்துக்கு ஏறக்குறைய பாதிப் பங்கு கூடுதல் வெப்பம் என்பதை மேல்நிலை வகுப்பு மாணவியர் தாமே சரிபார்க்கலாம்.

செலரான் இணை

இத்துறையில் பெரிதும் பேசப்பட்ட நிகழ்ச்சி 1998, 1999 ஆண்டுகளுக்கு உரியது. இன்டெல் நிறுவனம் 1998 ஆகஸ்டில் 'செலரான் 300ஏ' என்ற மலிவு விலைச் செயலகத்தை 149 டாலருக்கு வெளியிட்டது. அதே சமயம் வெளிவந்த 450 மெகா ஹெர்ட்ஸ் பென்டியம் 2-இன் விலை 669 டாலர். இரண்டும் 0.25 மைக்ரான் அளவுத் தொழில்நுட்பத்தில் வார்க்கப்பட்டவை. செலரானின் பெருக்கெண் 4.5 என்று பூட்டப்பட்டிருந்தது. அதை மாற்ற இயலாது. ஆனால் மதர்போர்டின் அடிப்படைத் துடிப்பை 66-லிருந்து 100-க்கு உயர்த்தினால் 4.5 × 100 = 450 ஆகிவிடும்! மலிவுச் சரக்கு விலையுயர்ந்த சரக்கின் வேகத்தில் ஓடியது. தொழிற்சாலையில் நன்றாகத் தேறிய சில்லுகளுக்கும் விற்பனைத் தேவைக்காகக் குறைந்த வேகத்தைப் பொறித்து அனுப்புவது உண்டு என்பதே இதன் இரகசியம்.

மறு ஆண்டு 'ஏபிட்' நிறுவனம் பிபி6 என்ற மதர்போர்டைக் கொண்டுவந்தது. அதில் இரண்டு செலரான்களைப் பக்கத்தில் பக்கத்தில் பொருத்தலாம். இரண்டைச் சேர்த்து ஓட்டுவதற்கென்று இன்டெல் செலரானை விற்கவில்லை. அவ்வேலைக்கு விலையுயர்ந்த வேறு செயலகங்கள் இருந்தன. அதற்கு முன் சிலர் பற்றவைக்கும் கோலை எடுத்துச் சில்லின் இணைப்புகளை மாற்றி இதைச் சாதித்தனர். பிபி6 வந்தபின் அந்தத் துணிச்சல் தேவைப்படவில்லை. 366 மெகா ஹெர்ட்ஸ் செலரான் இரண்டை வாங்கி, அடிப்படைத் துடிப்பை 100 ஆக்கி, இரண்டையும் 550-இல் ஓட்டினர் ஆர்வலர்கள். ஒன்றரை மடங்கு வேகம், இரண்டு செயலகங்களில்!

இதில் மற்றொரு நன்மையும் இருந்தது. இரு செயலகங்களும் நினைவகத்தை அடைவதற்கு ஒரே பொதுப்பாதையைப் பயன்படுத்தின. செயலகம் இரண்டானாலும் பாதை ஒன்றே. 66 மெகா ஹெர்ட்ஸில் அப்பாதை நொடிக்கு ஏறத்தாழ 533 மெகாபைட் சுமக்கும். 100-இல் 800 மெகாபைட். ஆகவே மிகைத்துடிப்பு செயலகங்களை மட்டும் விரட்டவில்லை. அவை நெருக்கியடித்த பாதையையும் அகலப்படுத்தியது. அத்துடன், அப்போர்டின் துணைச் சில்லுகள் 100 மெகா ஹெர்ட்ஸுக்கென்றே வகுக்கப்பட்டவை. எனவே வட்டு, ஒலி அட்டை முதலியவற்றின் பாதை வழக்கமான 33 மெகா ஹெர்ட்ஸிலேயே நின்றது. 75, 83 போன்ற நடுத்தர வேகங்களை வைத்தவர்களின் பாடுதான் திண்டாட்டம். அன்றைய மதர்போர்டுகளில் வட்டுப் பாதையும் 37, 41 என்று ஏறிவிடும். வட்டில் எழுதியவை சிதைந்துபோன சம்பவங்கள் உண்டு. குறைவாக விரட்டியவர் அதிகமாக இழந்தார் என்பது விந்தையன்றோ?

எல்லாருக்கும் 550 வாய்த்துவிடவில்லை. இங்குதான் 'இரட்டை' என்ற சொல்லின் பொருள் விளங்குகிறது. இரட்டை மாட்டு வண்டியில் ஒரு மாடு மட்டும் பாய்ந்தால் பயனில்லை. இளைத்த மாட்டின் நடையே வண்டியின் நடை. அந்தப் போர்டில் இரு செலரான்களுக்கும் அடிப்படைத் துடிப்பு ஒன்றே. ஒரு சில்லு 550-இல் நிலையாக ஓடுவதற்கு 10-இல் 8 வாய்ப்பு உண்டு என்று வைத்துக்கொண்டால், வாங்கிய இரண்டும் ஓடுவதற்கு வாய்ப்பு 0.8 × 0.8, அதாவது 100-இல் 64 மட்டுமே. ஒற்றைச் செயலகக்காரர் ஐந்தில் ஒரு தரம் ஏமாந்தால், இரட்டைச் செயலகக்காரர் மூன்றில் ஒரு தரத்துக்கு மேல் ஏமாறுவார். நிகழ்தகவுப் பாடத்துக்கு இதைவிடச் செலவு பிடித்த எடுத்துக்காட்டு கிடைப்பது அரிது.

வெப்பமும் இரட்டிப்பு. 366-இல் ஏறத்தாழ 22 வாட் எடுத்த சில்லு, 550-இல் அழுத்தம் 2.0 வோல்ட்டிலிருந்து 2.1-க்கு ஏறினால் 36 வாட் எடுக்கும், இரண்டுக்கும் 72. இன்றைய பெரிய மேசைக் கணிப்பொறிச் செயலகம் ஒன்றே 250 வாட்டுக்கு மேல் வாங்கும் காலத்தில் இது சிறு தொகைதான். ஆயினும் சிறு பெட்டிக்குள், நெருக்கமான இரு விசிறிகளின் கீழ், ஒன்றின் சூடான காற்றை மற்றது உறிஞ்சும் நிலையில், அது போதுமான தொல்லை. சில ஆண்டுகளில் பிபி6 மதர்போர்டுகள் பலவற்றின் மின்தேக்கிகள் உப்பிப் பழுதாயின. ஏபிட் நிறுவனமும் 2008 முடிவில் மதர்போர்டுத் தொழிலை விட்டது.

இலாபம் எவ்வளவு?

இரண்டு செயலகம் என்றால் இரண்டு மடங்கு வேகம் என்று எண்ணுதல் கூடாது. சமையலறையில் இருவர் சேர்ந்தால் காய் நறுக்கும் நேரம் பாதியாகும். சோறு வேகும் நேரம் பாதியாகாது. இதனை ஜீன் அம்தால் என்ற அமெரிக்கப் பொறியியலார் 1967-இல் எடுத்துரைத்தார். 60 நிமிட வேலையில் 30 நிமிடம் மட்டும் பகிர்ந்து செய்யத்தக்கது என்றால், இரு செயலகங்களில் அது 15 ஆகும். மொத்தம் 45 நிமிடம். மிகைத்துடிப்பால் செயலகங்கள் ஒன்றரை மடங்கு விரைந்தால், காத்திருப்பு ஏதுமில்லாத நல்ல நிலையில், 45 என்பது 30 ஆகும். ஒரு மணி நேர வேலை அரை மணியில் முடிவது சிறிய காரியமன்று.

ஆனால் அதற்கு நிபந்தனைகள் உண்டு. நிரல் இரு செயலகங்களையும் பயன்படுத்தத் தெரிந்ததாக இருக்க வேண்டும். அன்று பெரும்பாலான வீடுகளில் இருந்த விண்டோஸ் 98-க்கு இரண்டாவது செயலகம் என்று ஒன்று இருப்பதே தெரியாது, விண்டோஸ் என்.டி., விண்டோஸ் 2000, லினக்ஸ் ஆகியவையே அதை அறிந்தவை. மேலும், வட்டிலிருந்து கோப்பு வரும்வரை காத்திருக்கும் வேலைக்கு எத்துடிப்பாலும் பயனில்லை. கடிதம் தட்டச்சுச் செய்பவருக்கு இலாபம் பூச்சியம். படங்களை உருவாக்குவோர், ஒளிப்படக் காட்சிகளைத் தொகுப்போர், நீண்ட கணக்கிடுவோர் ஆகியோருக்கே இலாபம்.

நீண்ட கணக்கு என்றதும் நம் அண்டை நகரின் நினைவு வருகிறது. சென்னை தரமணியிலுள்ள கணித அறிவியல் நிறுவனத்தில் 2004-ஆம் ஆண்டு 'கப்ரு' என்னும் கணிப்பொறித் தொகுதி அமைந்தது. இமயச் சிகரம் ஒன்றின் பெயர் அது. 144 பொறிகள், ஒவ்வொன்றிலும் 2.4 கிகா ஹெர்ட்ஸ் ஜியான் செயலகங்கள் இரண்டு. அணுக்கருவினுள்ளே குவார்க்குகள் பிணைந்திருக்கும் விதத்தைக் கணக்கிடுவது அதன் பணிகளுள் ஒன்று. அங்கு வேகம் துடிப்பை ஏற்றியதால் வரவில்லை; எண்ணிக்கையாலும், பொறிகளை ஒன்றோடொன்று இணைத்த முறையாலும் வந்தது. விடை பிழையானால் வேகத்தால் என்ன பயன்?

அறுந்த நூல்

இப்போது நாம் தொடக்கத்தில் சொன்ன ஆபத்துக்கு வருவோம். சில்லு எரிந்து புகைவதே பெரிய ஆபத்து என்று பலர் அஞ்சுவர். இன்றைய செயலகங்கள் சூடு மிகுந்தால் தாமே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும், அல்லது நின்றுவிடும். எரிவது அபூர்வம். கணிப்பொறி திடீரென்று நின்று போவதும் ஒரு வகையில் நல்லதே. பிழை நேர்ந்தது என்று அது வாய்விட்டுச் சொல்லிவிடுகிறது. பிழையைச் செய்துவிட்டு மௌனமாக வேலையைத் தொடரும் பொறியே கொடியது.

ஒரு சிறு கணக்கால் இதை விளக்குவோம். 2-இன் அடுக்கிலிருந்து 1-ஐக் கழித்து வரும் எண் பகா எண்ணா என்று சோதிக்க லூக்கா-லேமர் முறை என்று ஒன்று உண்டு. 2-இன் ஐந்தாம் அடுக்கு 32. ஒன்றைக் கழிக்க 31. 4-இல் தொடங்குக. இருமடியாக்கி 2-ஐக் கழித்து, 31-ஆல் வகுத்து மீதியை எடுக்க வேண்டும். இதை மூன்று முறை செய்ய வேண்டும். முதல் முறை 16 − 2 = 14. இரண்டாம் முறை 196 − 2 = 194; 31-ஆல் வகுக்க மீதி 8. மூன்றாம் முறை 64 − 2 = 62; மீதி 0. பூச்சியம் வந்ததால் 31 பகா எண்.

கணிப்பொறி 14 என்பதை 1110 என்று எழுதி வைத்திருக்கும். மிகைத்துடிப்பின் அவசரத்தில் கடைசி இலக்கம் ஒன்று மட்டும் மாறி 1111 ஆகிவிட்டது என்று கொள்வோம். அது 15. இருமடி 225, இரண்டைக் கழிக்க 223, மீதி 6. அடுத்து 36 − 2 = 34; மீதி 3. பூச்சியம் வரவில்லை! '31 பகா எண் அன்று' என்று கணிப்பொறி மிகுந்த தன்னம்பிக்கையோடு அறிவித்துவிடும். புகை இல்லை, ஓசை இல்லை. 31 என்பதால் நாம் சிரிக்கிறோம். பல இலட்சம் இலக்கங்கள் கொண்ட எண்ணாக இருந்தால் யார் கண்டுபிடிப்பது? இத்தகைய பெரிய பகா எண்களைத் தேட 1996-இல் தொடங்கிய உலகளாவிய கூட்டு முயற்சியில், ஒருவர் பொறி தந்த விடையை மற்றொருவர் பொறியில் மீண்டும் கணக்கிட்டுச் சரிபார்ப்பது நெடுங்கால வழக்கம். அம்முயற்சிக்காக எழுதப்பட்ட 'பிரைம்95' என்ற நிரலையே மிகைத்துடிப்பு ஆர்வலர்கள் தங்கள் பொறியைச் சோதிக்கும் உரைகல்லாகக் கொண்டனர். தெரிந்த விடையோடு ஒப்பிட்டு, பொறி பொய் சொன்ன கணமே அது காட்டிக்கொடுத்துவிடும்.

2011-இல் மைக்ரோசாஃப்ட் ஆய்வாளர் மூவர், ஏறத்தாழ பத்து இலட்சம் சாதாரணக் கணிப்பொறிகளின் பழுது விவரங்களைத் திரட்டி ஆராய்ந்தனர். மிகைத்துடிப்பில் ஓடிய பொறிகள் மற்றவற்றைவிடப் பல மடங்கு மிகுதியாக நின்று போயின என்றும், குறித்த வேகத்துக்கும் கீழே ஓடியவை இன்னும் குறைவாகவே நின்றன என்றும் அவர்கள் கண்டனர். நின்று போனவற்றைத்தான் எண்ண முடிந்தது. மௌனமாகப் பிழைத்த கணக்குகளை எவர் எண்ணுவார்?

ஏட்டுச் சுவடி படித்தவர்கள் இதனை எளிதில் உணர்வர். பழைய ஏட்டைப் பார்த்துப் புதிய ஏடு எழுதுபவர் ஓர் எழுத்தைத் தவறவிட்டால், அவருக்குப் பின் எழுதுபவர்கள் எல்லாரும் அப்பிழையையே பக்தியோடு பெயர்த்தெழுதுவர். நம் புதுவையில் 1955-இல் தோன்றிய பிரெஞ்சு நிறுவனத்திலும், தூரக்கிழக்குப் பிரெஞ்சுப் பள்ளியின் மையத்திலும் உள்ள சைவச் சுவடிகள் 2005-இல் யுனெஸ்கோவின் 'உலக நினைவகம்' பதிவேட்டில் இடம்பெற்றன. இத்தகைய ஓலைகளைப் படமெடுத்துக் கோப்பாக்கும் வேலையில், சுருக்கிய படக் கோப்பில் ஓர் இலக்கம் புரண்டாலும் படத்தின் ஒரு பகுதி முழுவதும் கெடக்கூடும். ஓலை செல்லரித்தபின் அக்கோப்பு ஒன்றே மிஞ்சும் என்று எண்ணிப் பாருங்கள். அவ்வகை வேலைக்குரிய பொறியை, அதில் எத்தனை செயலகம் இருந்தாலும், விரட்டவே கூடாது என்பது என் உறுதியான கருத்து. வீட்டிலுள்ள ஒரே பொறியில் குடும்பப் படங்களும் அப்பாவின் கணக்குகளும் இருந்தால், அதுவும் ஒரு சுவடிச் சாலையே.

புதுவை வெயில்

குளிர் நாட்டுக்காரர் எழுதிய அறிவுரைகளை அப்படியே நம் ஊரில் கடைப்பிடிக்கலாகாது. விசிறியும் உலோகத் தகடும் மாயம் செய்வதில்லை. அறையின் காற்றைவிடச் சில்லைக் குளிர்விக்க அவற்றால் இயலாது. அறை வெப்பத்துக்கு மேல் சில்லு 50 பாகை ஏறுகிறது என்று கொள்வோம். பொங்கல் சமயத்தில் அறை 26 என்றால் சில்லு 76 செல்சியஸ். கத்திரி வெயிலில் மாடி அறை 38 என்றால் சில்லு 88. பொங்கலுக்குத் தேறிய வேகம் கத்திரியில் தவறுவது இதனாலேயே. கடற்காற்றின் ஈரமும் உப்பும் தகடுகளில் தூசியைப் பிசின் போல் படியச் செய்யும். ஆறு மாதத்தில் காற்றோட்டம் குறையும். மின் செலவும் உண்டு: கூடுதலாக 100 வாட் வாங்கும் பொறி பத்து மணி நேரம் ஓடினால் ஒரு யூனிட்.

இயந்திரம் செய்பவர்களே இப்பாடத்தைக் கற்றனர். துடிப்பை ஏற்றிக்கொண்டே போன இன்டெல், 4 கிகா ஹெர்ட்ஸ் பென்டியம் 4 திட்டத்தை 2004-இல் கைவிட்டது. மறு ஆண்டு அந்நிறுவனமும் ஏ.எம்.டி.யும் ஒரே சில்லுக்குள் இரு செயலகக் கருக்களை வைத்து விற்றன. பிபி6 செய்த வேலை ஒரு சில்லுக்குள் அடங்கியது. பின்னர் 2024-இல், இன்டெலின் 13, 14-ஆம் தலைமுறைச் செயலகங்கள் பல, தேவைக்கு மிஞ்சிய மின்னழுத்தத்தால் நாளடைவில் நிலை தடுமாறின. யாரும் விரட்டாமலே! நிறுவனம் திருத்தம் வெளியிட்டு, உத்தரவாதத்தை இரண்டு ஆண்டு நீட்டியது. ஏற்கெனவே கெட்ட சில்லுகளை அத்திருத்தம் குணப்படுத்தாது.

இன்று சென்னை ரிச்சி தெருவில் பழைய இரட்டை ஜியான் பொறிகள் மலிவாகக் கிடைக்கின்றன. அவற்றை விரட்டலாமா என்று கேட்கும் மாணவியருக்கு விடை சுருக்கமானது: பெரும்பாலானவற்றில் பெருக்கெண் பூட்டப்பட்டிருக்கும், இயலாது. அதே பணத்தில் நினைவகத்தைக் கூட்டுங்கள். சுழலும் வட்டுக்குப் பதில் எஸ்.எஸ்.டி. வையுங்கள். பொறி விரைவதை அன்றே காண்பீர்கள்.

விரட்டிப் பார்த்தே தீரவேண்டும் என்பவர்க்குப் பழைய பொறி ஒன்று தனியே இருக்கட்டும். பெற்றோர்க்கு ஒரு சொல்: பெட்டியைத் திறக்கும் வேலை தம்பியுடையது என்று ஒதுக்கிவிடாதீர்கள். பிளக்கைப் பிடுங்கிவிட்டுத் திறக்கத் தெரிந்த பெண்ணுக்கு, அந்த உள்ளமைப்பு ஓர் ஆய்வுக்கூடம். அழியக்கூடாத கோப்பு எதுவும் அதில் இருத்தல் ஆகாது. வேகத்தைச் சிறுசிறு படியாக ஏற்றுக. ஒவ்வொரு படியிலும் இரு செயலகங்களும் ஒருசேர முழுச் சுமை தாங்கும்படி சோதனை நிரலை இரவு முழுதும் ஓட்டுக. ஒன்றை மட்டும் சோதித்தால் போதாது. மற்றதன் சூடு அப்போது தெரியாது. இரண்டின் வெப்பநிலையையும் ஒரு நோட்டில் நாள், நேரம், அறை வெப்பத்தோடு குறித்து வைக்கவும். ஒரே ஒரு விடை தவறினாலும் ஒரு படி அல்ல, இரண்டு படி இறங்குக. மே மாதப் பிற்பகல் இரண்டு மணிக்கு, மின்விசிறி நின்ற மாடி அறையில், அச்சோதனையை மறுபடியும் வைத்துப் பார்க்கவும்.